நாற்பத்தொன்றோ நாற்பத்திரண்டோ

எங்கள் பக்கம் பாதை என்றால்
மிதப்பது.
ஒரு இரும்புத் தட்டு. அதில் நாலு லொறி, ஒரு பஸ்,
மிச்ச இடத்தில் சைக்கிளும் ஆடும் சனமும்.
அது அக்கரையில் நின்றால்
இக்கரையில் பாதை இல்லை.

அப்படி இல்லாத பொழுதுகளில்தான்
கிண்ணியாத் துறையில், மீராலெப்பையின் தேத்தண்ணிக் கடையில்,
அந்தப் பாலத்தைப் பார்த்தேன்.

தபால் அட்டை. சீனிப் போத்தலுக்கு மேலே
இரண்டு குண்டூசியில் தொங்கியது.
எந்த நாடென்று அச்சடித்திருந்த ஓரத்தைக்
கரப்பான் தின்றுவிட்டது.
எண்ணெய்க் கப்பல்காரன் ஒருவன்
ஏழு தேத்தண்ணிக் கடனுக்கு வைத்துப் போனதாம்.
கடல் பச்சை.
எந்தக் கடலுக்கும் கிடைக்காத பச்சை,
யாரோ ஒருவர் மேசையிலிருந்து பூசியது.
அதன்மேல் வளைந்து வளைந்து
கரை தெரியாத தூரத்துக்கு ஒரு பெருந்தெரு.
ஒரேயொரு சிவப்புக் கார்.
வரிசை இல்லை, ஹோர்ன் இல்லை,
ஏறடா இறங்கடா என்று கத்த ஒரு மனுசன் இல்லை.

நான் ஐஸ் லொறியில் கிளீனர்.
மூதூர் இறாலுக்கென்று திருகோணமலையில் ஏற்றிய ஐஸ்
உமிக்குள் கிடந்து சொட்டும்.
கனகரெத்தினம் அண்ணன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துத்
தூங்குவார்.
நான் தூண்களை எண்ணுவேன்.
நாற்பத்தொன்று.

“நாப்பத்திரண்டு” என்பார் மீராலெப்பை,
தேத்தண்ணியை ஆற்றியபடி, திரும்பியும் பாராமல்.
“கடைசிக்கு அங்கால இன்னொண்டு நிக்கி, புகாருக்குள்ள.”

அதுவும் போதாதென்று
பாலத்தின் நடுவே ஒரு கரும்புள்ளி.
ஆள் என்றேன் நான்.
ஈ என்றார் அவர்.
மூன்று வருசம் இழுபட்ட வழக்கு அது.

சண்டை தொடங்கிக் கடையைப் பூட்டிய நாளில்
அட்டையைக் கழற்றி என் சட்டைப் பையில் வைத்தார்.
“வடிவா எண்ணிட்டு வந்து சொல்லு.”

சீனன்குடாச் சோதனைச் சாவடியில்
பையைக் கவிழ்த்தார்கள்.
அடையாள அட்டை, பீடி, சில்லறை,
ஒரு பாலம்.
எந்தப் பாலம்?
படம் எடுத்தது யார்?
இந்தப் புள்ளி என்ன குறி?
வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்கள்.
முதுகைத் திருப்பினார்கள்: வெறுமை,
முத்திரைக்கென்று ஒரு கட்டம்.
“சேர், இங்க பாலமே இல்லையே” என்றேன்.
அந்த நேரத்தில் சொல்லியிருக்கக் கூடாத உண்மை.
இரண்டு நாள் வைத்திருந்தார்கள்.
வெளியே லொறியில்
ஐஸ் தண்ணியாகி வீதிக்கு இறங்கிக்
கிண்ணியா பக்கமாய் நடந்ததென்று
கனகரெத்தினம் அண்ணன் பிறகு சொன்னார்.
என்னை விட்டார்கள்.
அட்டையை விடவில்லை.
ஏதோ ஒரு கோப்பில்
இன்றைக்கும் அந்தக் கார் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு மார்கழியில் கடல் ஏறி வந்து
கடையை எடுத்தது, குண்டூசி அடித்த பலகையோடு.
மீராலெப்பை அன்றைக்குத் தோப்பூரில், மகள் வீட்டில்.
தப்பினார்.
பிறகு பாலமும் வந்தது. உண்மையான பாலம்.
லொறியில் ஏறி, ஒரு பீடி பற்றவைத்து,
இரண்டாம் இழுப்பில் அக்கரை.
தூண் எண்ண நேரமில்லை.
மேலே போகிறவனுக்குத் தூண் தெரியவும் தெரியாது.
வரிசை இல்லாத இடத்தில்
தேத்தண்ணி யாருக்கு? அவர் கடை போடவில்லை.

இப்போது பின்னேரங்களில்
பாலத்தில் நின்று தூண்டில் போடுகிறேன்.
நேற்று ஒரு பெடியன், கையில் போன்,
தூரத்திலிருந்து கத்தினான்:
“அங்கிள், கொஞ்சம் தள்ளுங்க, பாலம் மட்டும் வேணும்.”
இரண்டு விளக்குக் கம்பம் தள்ளி நின்றேன்.
காணாது போல, இன்னும் கையை வீசினான்.
அந்த நேரம் பார்த்து நூலில் ஏதோ இழுத்தது.
அசையவில்லை நான்.

படத்தில் விழுந்திருப்பேன்.
ஈ என்பார் மீராலெப்பை.